எதிர் நாற்காலியில் உட்கார்பவர் எதைத் தருகிறார்? (பங்கேற்பு நிகழ்த்துகலை, நேரம், நினைவு)

கரிக்கோடு எழுதியது:

நண்பர்களே, பங்கேற்பு நிகழ்த்துகலை (பார்க்க வந்தவரும் உள்ளே சேர்ந்தால்தான் நடக்கும் நிகழ்வு) பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதற்கென்றே ஓர் இழை இருக்கட்டும் என்று தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2010-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் செய்தது. மார்ச் 14-ல் தொடங்கி மே 31 வரை, அருங்காட்சியகம் திறந்திருந்த நேரமெல்லாம் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டினால் 736 மணி நேரத்துக்கு மேல் வரும். எதிரே ஒரு காலி நாற்காலி. வரிசையில் நின்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பேசக் கூடாது, தொடக் கூடாது. எப்போது எழுந்து போவது என்பது உட்கார்ந்தவர் இஷ்டம். முதலில் இருவருக்கும் நடுவே ஒரு மேஜை இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிடச் சொன்னார். 1,500 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள், பலர் அழுதார்கள்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவருடைய தாங்குதிறனில்தான் போய் நிற்கிறது. எப்படி உட்கார்ந்தார், முதுகு வலிக்கவில்லையா, தண்ணீர் குடித்தாரா? எனக்குப் பேச வேண்டியது எதிர் நாற்காலியைப் பற்றி. அதைவிட முக்கியமாக, அந்த நாற்காலிக்காக நின்ற வரிசையைப் பற்றி. நாள் முழுக்க நின்றும் முறை வராமல் திரும்பியவர்கள் உண்டு. முன்னால் போனவர் மணிக்கணக்கில் எழுந்திருக்கவில்லை, விதியும் அதற்கு இடம் கொடுத்தது. அந்த வரிசையில் நின்றவர்களும் படைப்புக்கு உள்ளேதான் இருந்தார்கள் என்பது என் கட்சி.

ஏன் சொல்கிறேன் என்றால், இதே உட்காரலை அப்ரமோவிச்சும் அப்போது அவரோடு சேர்ந்து இயங்கிய கலைஞர் உலாயும் 1981 முதல் 1987 வரை பல ஊர்களில் செய்திருக்கிறார்கள். இருவரும் ஒரு நீண்ட மேஜையின் இரு முனைகளில், பேசாமல், அசையாமல், ஒருவரையொருவர் பார்த்தபடி. எல்லா இடங்களையும் சேர்த்து 90 நாட்கள். அப்போது பார்வையாளருக்கு நாற்காலி இல்லை, நின்று பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். 2010-ல் உலாயின் இடம் பார்க்க வந்தவருக்குக் கிடைத்தது. பெரிய மாற்றம் அதுதான். உட்கார்ந்தவர் தன் நாளிலிருந்து ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தார். அவர் கொடுக்காவிட்டால் அங்கே ஓர் அம்மாள் சும்மா உட்கார்ந்திருப்பார், வேறொன்றும் இல்லை.

பங்கேற்பு என்ற பேரில் இன்று நடப்பதில் பாதிக்கு மேல் எனக்கு ஒப்புதல் இல்லை. பொத்தானை அழுத்துகிறோம், சுவரில் ஒரு சீட்டு ஒட்டுகிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். நம்மிடமிருந்து எதுவும் போகவில்லை. நேரத்தைத் தராமல் பங்கேற்பு என்று ஒன்று கிடையாது என்பதே என் நிலைப்பாடு. அதற்கு அடுத்த கேள்விதான் இந்த இழைக்கு: அப்படித் தந்த நேரம் யாரிடம் போய்ச் சேர்கிறது?

---

நேர்கோடு எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் அதை இன்னும் மென்மையாகவே கேட்கிறீர்கள்.

அந்த 1,500 பேரின் முகங்களும் புகைப்படமாகப் பதிவாயின. பெயர் நிலைத்தது ஒருவருக்கு. நேரம் யாரிடம் போனது என்பதற்கு இதுவே பாதிப் பதில் என்பேன்.

மீதிப் பாதி 2011 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் நிதி திரட்டும் விருந்தை அப்ரமோவிச் வடிவமைத்தார். சாப்பாட்டு மேஜைகளின் நடுவே துளை. அதன் வழியே தலையை மட்டும் வெளியே நீட்டியபடி நிகழ்த்துநர்கள் மெதுவாகச் சுழன்றுகொண்டே விருந்தினரின் கண்ணைப் பார்க்க வேண்டும், மணிக்கணக்கில். அவர்களுக்குக் கொடுத்தது 150 டாலர். நடனக் கலைஞர் இவோன் ரெய்னர் இது சுரண்டல் என்று அருங்காட்சியகத்துக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார், பலர் கூடக் கையெழுத்துப் போட்டார்கள். அதே மௌனம், அதே பார்வை, அதே அசையாமை. நாற்காலிக்குப் பதில் சாப்பாட்டு மேஜை, அவ்வளவுதான் வித்தியாசம். எழுந்து போகும் உரிமை மட்டும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் இருந்தது, மேஜைக்குக் கீழே இருந்தவரிடம் இல்லை.

எனவே நேரம் தந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. யார் எப்போது எழுந்து போகலாம் என்பதைப் பார்த்தாலே ஒரு படைப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

---

அகழி எழுதியது:

நேர்கோடு சொன்ன விருந்து விஷயம் இங்கே பலருக்குத் தெரியாது, எழுதியதற்கு நன்றி.

நேரம் என்று பேசும் இழையில் நிகழ்த்துகலைஞர் தேச்சிங் ஷியே பெயர் வராமல் இருக்கக் கூடாது. 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, ஒவ்வொரு மணி நேரமும், இரவும் பகலும், ஆலைகளில் வருகை பதிவு செய்வார்களே அந்த மாதிரி கடிகாரத்தில் அட்டையைச் செருகி முத்திரை குத்தினார். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 133 தடவை தவறவிட்டார். தவறியதையும் மறைக்கவில்லை: தூங்கிவிட்டது இத்தனை, தாமதம் இத்தனை, நேரத்துக்கு முன்பே குத்தியது இத்தனை என்று பிரித்துப் பட்டியல் போட்டு வைத்தார். தொடங்கும்போது தலையை மழித்துக்கொண்டார். ஒவ்வொரு முத்திரைக்கும் 16 மி.மீ. ஃபிலிமில் ஒரே ஒரு சட்டகம். ஒரு வருடம் ஆறு நிமிடப் படமாகச் சுருங்குகிறது, அதில் முடி மட்டும் தோள் வரை வளர்ந்துகொண்டே போகிறது.

அந்த ஒரு வருடம் அவரால் முழுத் தூக்கம் தூங்க முடியாது, தூரமாக எங்கும் போக முடியாது. ஆனால் நமக்குப் பார்க்கக் கிடைப்பது அட்டைகளும் ஆறு நிமிடமும்தான். ஆவணத்தில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்கு இது தினசரிக் கேள்வி. அந்தத் தூக்கமில்லாத வருடத்தை எந்தப் பெட்டியில் வைப்பது?

---

நேர்கோடு எழுதியது:

> தேச்சிங் ஷியே பெயர் வராமல் இருக்கக் கூடாது

மரியாதையோடு கேட்கிறேன், அது பங்கேற்பு இல்லையே? அவர் தனியாகச் செய்தது. நாம் பார்க்கிறோம்.

---

அகழி எழுதியது:

கடிகாரம் தனியாகச் செய்ததுதான், மறுக்கவில்லை. அதனால்தான் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலை 4-லிருந்து ஒரு வருடம் அவரும் லிண்டா மொன்டானோ என்ற கலைஞரும் 8 அடிக் கயிற்றால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். இருவரும் உள்ளே இருந்தால் ஒரே அறையில்தான் இருக்க வேண்டும். ஒருவரையொருவர் தொடவே கூடாது. அதற்கு முன் அவர்கள் நெருங்கிய நண்பர்கள்கூட இல்லை. ஒருவர் வேலைக்குக் கிளம்பினால் இன்னொருவரும் கிளம்ப வேண்டும். சண்டை போட்டாலும் எட்டடிக்குள்தான்.

அந்த வருடம் அவர்கள் பேசியதையெல்லாம் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். பிறகு நாடாக்களை முத்திரையிட்டு மூடிவிட்டார்கள். கேட்பதற்கு இல்லை. அடுக்கி வைத்த நாடாக்களைப் பார்க்கலாம், உள்ளே இருப்பது அவர்கள் இருவருக்கு மட்டும்.

எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது. நேரத்தைத் தந்தவர்கள் இருவர், நினைவும் அந்த இருவரிடமே. வெளியில் இருப்பவருக்கு அப்படி ஒரு வருடம் நடந்தது என்ற தகவல் போதும். நீங்கள் கேட்ட எழுந்து போகும் உரிமையும் இங்கே இருவருக்கும் சமம்: இருவருக்குமே கிடையாது, அதையும் இருவரும் தெரிந்தே ஒத்துக்கொண்டார்கள்.

---

ஒத்திகை எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நாடகக் குழு ஒன்றில் இருக்கிறேன். மேடையை விட்டு இறங்கி, நினைவை வைத்து ஒரு மணி நேரப் பங்கேற்பு நிகழ்வு செய்யலாம் என்று இருக்கிறோம். வயதானவர்கள் பாதி, இளையவர்கள் பாதி, இருவர் இருவராக எதிரெதிரே. வயதானவர் தன் நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும், இளையவர் கேட்க வேண்டும். அதற்கு மேல் என்ன என்பதில்தான் குழுவில் சண்டை.

நான் பாடமாக வைத்திருப்பது இரண்டு. ஒன்று, அமெரிக்கக் கலைஞர் சூசன் லேசி 1987-ல் மினியாபோலிஸில் செய்தது. அன்னையர் தினத்தன்று, அறுபது வயது தாண்டிய 430 பெண்கள், எல்லோரும் கறுப்பு உடையில், ஒரு பெரிய வணிகக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே மேஜை மேஜையாக உட்கார்ந்து முதுமையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மேலே மாடங்களில் கூட்டம். குறிப்பிட்ட இடைவெளியில் ஓர் அடையாள ஒலி வந்ததும் எல்லா மேஜைகளிலும் கைகளை ஒரே மாதிரி மாற்றி வைப்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது தைத்த போர்வையின் கோலம் மாறுவதுபோல் தெரியும்படி அமைத்திருந்தார்கள். பெண்களின் குரல்கள் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டு ஒலிபெருக்கியில் ஓடின. மேஜையில் அந்த நேரம் பேசியது மேலே நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்காது.

எனக்குப் பிடித்தது அந்தக் கேட்காத பேச்சு. 430 பேரும் காட்சிப் பொருளாகிவிடாமல் காப்பாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு வேலை இருந்தது.

இரண்டாவது, பிரிட்டிஷ் கலைஞர் ஜெரமி டெல்லர் 2016 ஜூலை 1 அன்று பிரிட்டன் முழுக்கச் செய்தது. சோம் போர் தொடங்கிய முதல் நாளின் நூறாவது ஆண்டு. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் செத்தார்கள். நூறு வருடம் கழித்து அதே தேதியில், 1,400 பேர் அளவுக்குத் தன்னார்வலர்கள் முதல் உலகப் போர்ச் சீருடையில் ரயில் நிலையங்களில், கடைவீதிகளில் வந்து நின்றார்கள். முன்னறிவிப்பே இல்லை. யாரோடும் பேசவில்லை. அருகில் போய் என்ன ஏது என்று கேட்டால், பதில் பேசாமல் ஒரு சிறிய அட்டையை நீட்டுவார்கள். அதில் அந்த நாளில் இறந்த ஒரு சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, வயது தெரிந்தால் வயது. நீட்டுபவர் அந்தச் சிப்பாயாகத்தான் அங்கே நிற்கிறார். அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர் கையில் இப்போது செத்துப்போன ஒருவனின் பெயர். தூக்கிப் போடவும் முடியாது, யாரிடம் திருப்பிக் கொடுப்பதென்றும் தெரியாது.

இதில் பார்வையாளர் டிக்கெட் வாங்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை. கரிக்கோடு சொல்வதுபோல் நேரத்தை "தந்தார்" என்றுகூடச் சொல்ல முடியாது. வழியில் நிறுத்தப்பட்டார். இதை எதில் சேர்ப்பீர்கள்?

---

கரிக்கோடு எழுதியது:

ஒத்திகை, வாருங்கள். இப்படி ஒரு காரியத்தோடு வருபவர்கள்தான் இழைக்கு வேண்டும்.

டெல்லர் செய்ததை நான் பங்கேற்பிலேயே சேர்ப்பேன். அட்டை கைக்கு வரும் வரை அது வெறும் காட்சி. கேட்கப் போனவருக்குத்தான் அட்டை. ஒதுங்கிப் போகிறவரை யாரும் மறிக்கவில்லை. அந்த இரண்டு அடி எடுத்து வைப்பதுதான் அவர் தந்தது. அப்புறம், அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை டிராயரில் போட்டு, ஆறு மாதம் கழித்து வேறெதையோ தேடும்போது அது கையில் அகப்படுமே, அந்த நேரமும் கணக்கில் சேரும். நிகழ்வு ஒரே நாள். நினைவு அவரவர் டிராயரில் தொடர்கிறது.

---

தென்படல் எழுதியது:

பெரிய நிகழ்வுகளாகவே பேசுகிறீர்கள். ஒரே ஒரு ஆளும் ஒரு கத்தரிக்கோலும் போதும் என்பதற்கு லிஜியா கிளார்க் இருக்கிறார். பிரேசில் நாட்டுக் கலைஞர். 1963-ல் அவர் முன்வைத்த ஒன்றை நேற்று உட்கார்ந்து செய்து பார்த்தேன்.

நீளமான காகிதப் பட்டை ஒன்று. ஒரு முனையை ஒரு தடவை புரட்டிவிட்டு மறுமுனையோடு ஒட்ட வேண்டும், மோபியஸ் பட்டை என்பார்களே அது. பட்டையின் நடுவில் கத்தரியின் நுனியால் குத்தி, நீளவாக்கில் வெட்டிக்கொண்டே போக வேண்டும். சுற்றி ஆரம்பித்த இடத்துக்கு வரும்போது பழைய வெட்டோடு சேர்ந்துவிடக் கூடாது. இடது பக்கம் ஒதுங்குவதா, வலது பக்கமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பிறகு மறுபடி ஒரு சுற்று. பட்டை ஒடுங்கிக்கொண்டே போகும், நீண்டுகொண்டே போகும். இனி வெட்ட இடமில்லை என்னும்போது முடிந்தது. கையில் மிஞ்சுவது சிக்கல் விழுந்த காகித நாடா. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை அவர். வெட்டும் செயல்தான் படைப்பு, வெட்டுகிறவர்தான் அதைச் செய்கிறார் என்பது அவருடைய நிலைப்பாடு.

முதல் சுற்றில் கை தானாக ஓடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. பழைய வெட்டு கண்ணில் பட்டதும் உடம்பு சட்டென்று உஷாராகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் குறைகிறது. கடைசியில் பட்டை வெண்டைக்காய்க் காம்பு அளவுக்கு ஒடுங்கிய பிறகு, கத்தரியை முழுதாகத் திறக்காமல் நுனியால் மட்டும் நறுக்கி நறுக்கி நகர வேண்டியிருந்தது. மூச்சு விட்டால் காகிதம் ஆடுகிறது. அப்போது மணி என்ன என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த நேரம் யாரிடமும் போகவில்லை, என்னிடமே இருந்தது. நேர்கோடு கேட்ட உரிமையும் முழுக்க இருந்தது, எந்த நொடியும் கத்தரியைக் கீழே வைத்திருக்கலாம்.

எல்லோரும் ஒரு தடவை செய்து பாருங்கள். ஏ4 தாளை நீளவாக்கில் கிழித்து இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டினால் போதும். பட்டை மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் அறுந்துவிடும்.

---

நேர்கோடு எழுதியது:

தென்படல், இது எனக்குப் பிடித்திருக்கிறது. நடுவில் நட்சத்திரம் யாரும் இல்லை.

நட்சத்திரம் இல்லாமல் கூட்டமாகவும் செய்யலாம். 2016 அக்டோபரில் கொலம்பியாவில் அமைதி ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் மக்கள் சொற்ப வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். சில நாட்களிலேயே அந்நாட்டுக் கலைஞர் டோரிஸ் சால்செடோ பொகோட்டாவின் பொலிவார் சதுக்கத்தில் மக்களைக் கூட்டினார். உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் பெயர்கள், ஒரு துணிக்கு ஒரு பெயராக, சாம்பலால் எழுதப்பட்ட வெள்ளைத் துணிகள். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து ஊசி நூலால் ஒன்றோடொன்று தைத்தார்கள். சதுக்கமே மூடியது. சாம்பல் எழுத்து, தைக்கும்போதே கையில் ஒட்டும். நாள் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பெயரைத் தைக்க எவ்வளவு நேரமாகும் என்று யோசியுங்கள். அந்த நேரம் கலைஞரிடம் போகவில்லை, செத்தவருக்குப் போனது. இதை நான் மறுப்பின்றி ஏற்கிறேன்.

ஆனால் கலைஞர் ஃபிரான்சிஸ் ஆலிஸ் 2002 ஏப்ரலில் பெருவின் லிமா நகருக்கு வெளியே செய்ததில் எனக்கு இன்னும் நெருடல் இருக்கிறது. 500 தன்னார்வலர்கள் வரிசையாக நின்று மண்வாரியால் ஒரு மணல்மேட்டை அள்ளி அள்ளி நகர்த்தினார்கள். மேடு சுமார் 10 செ.மீ. நகர்ந்தது. கொளுத்தும் வெயில், கூலி இல்லை. அது வாய்வழியாகப் பரவும் கதையாக நிற்க வேண்டும் என்பது அவர் நோக்கம், அது புரிகிறது. இன்று உலகம் சுற்றுவது வீடியோ. அந்த 500 பேரில் ஒருவர் தன் பேரக்குழந்தைக்குச் சொல்லும் கதை எங்கே இருக்கிறது?

---

அகழி எழுதியது:

> அந்த 500 பேரில் ஒருவர் தன் பேரக்குழந்தைக்குச் சொல்லும் கதை எங்கே இருக்கிறது?

பேரக்குழந்தையிடம். ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்காது, அதனால் இல்லை என்று ஆகிவிடாது. என் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிதல்ல, இருந்தாலும் மனதாரச் சொல்கிறேன்.

1993-ல் நிகழ்த்துகலை ஆய்வாளர் பெகி ஃபெலன் இந்த விவாதத்தைக் கூர்மையாக எழுப்பினார். நிகழ்த்துகலை நடக்கும் கணத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது, பதிவு செய்த மறுகணம் அது வேறொன்றாகிவிடுகிறது என்பது அவர் வாதம். எதிர்ப்பும் நிறைய வந்தது. பதிவு இல்லாவிட்டால் நாம் யாரும் இங்கே பேசிக்கொண்டே இருக்க மாட்டோம் என்பதும் உண்மைதானே.

அந்த வாதத்தை நடைமுறையிலேயே பிடிவாதமாகக் காட்டுகிறவர் கலைஞர் டினோ சேகல். புகைப்படம் கிடையாது, வீடியோ கிடையாது. படைப்பை விற்றால்கூட எழுத்து ஒப்பந்தம் கிடையாது, நோட்டரி முன்னிலையில் வாய்ச்சொல்லாகவே எல்லா நிபந்தனையும். அடுத்த தடவை நடத்த வேண்டுமானால் ஏற்கெனவே செய்தவர்கள் நினைவிலிருந்து கற்றுக் கொடுக்க வேண்டும். 2010-ல், அங்கே அப்ரமோவிச் உட்காரத் தொடங்குவதற்குச் சற்று முன்புவரை, அதே நியூயார்க்கில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சுருள் பாதையில் இவருடைய நிகழ்வு. சுவர்களில் ஓவியமே இல்லை. ஒரு குழந்தை உங்களிடம் வந்து முன்னேற்றம் என்றால் என்ன என்று கேட்கும். பதில் சொல்லிக்கொண்டே மேலே நடக்கிறீர்கள். சற்றுத் தூரத்தில் ஒரு விடலைப் பருவத்தவர், அப்புறம் நடுவயதுக்காரர், கடைசியில் ஒரு முதியவர் என்று கூட நடப்பவர் மாறிக்கொண்டே வருவார். குழந்தை நீங்கள் சொன்னதைத் தனக்குப் புரிந்த அளவில் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகும். உச்சிக்குப் போகும்போது நீங்கள் சில நிமிடம் முன்பு சொன்னதே உங்களுக்கு நினைவாகியிருக்கும், உங்கள் வயதும் கூடிவிட்டதுபோல் இருக்கும்.

ஒத்திகை, உங்கள் குழுவின் சண்டைக்கு இதில் ஏதாவது பயன் இருக்கிறதா பாருங்கள். நினைவைக் கேட்டவர் அதை என்ன செய்கிறார் என்பதுதானே உங்கள் சிக்கல்?

---

ஒத்திகை எழுதியது:

அதேதான். எங்கள் திட்டத்தில் கேட்ட இளையவர் அடுத்த சுற்றில் இன்னொருவரிடம் போய் அந்த நினைவைத் தன்னுடையதுபோல் "நான்" என்று சொல்ல வேண்டும். மூன்று கை மாறும். கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மாறிப்போன நினைவுகளை அவற்றின் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நினைவு கை மாறும்போது என்ன ஆகிறது என்று காட்டுவதுதான் நோக்கம்.

குழுவில் ஒருவர், பதிவு செய்து பிறகு ஒலிக்கோர்வையாக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் பதிவே வேண்டாம் என்கிறார். எனக்கு இருக்கும் பயம் வேறு. ஒத்திகையில் ஓர் அம்மா இறந்துபோன தம்பியைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது ஆளின் வாயில் அது வரும்போது தம்பி அண்ணனாகியிருந்தான், காய்ச்சல் விபத்தாகியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகம் இறுகிப்போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டோம்.

---

நேர்கோடு எழுதியது:

அந்த அம்மாவை அங்கே எழுந்திருக்க விடும் விதி எது? அதை முதலில் எழுதுங்கள். மாறிப்போவதைக் காட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை. தம்பி அவருடைய தம்பி. எந்த நினைவைக் கை மாற்றலாம், எதைத் தன் எதிரில் உட்கார்ந்தவரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதை, சொல்லி முடித்த பிறகு அவரே தீர்மானிக்க வேண்டும். சொல்வதற்கு முன்பு கேட்டால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

---

கரிக்கோடு எழுதியது:

நேர்கோடு சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். இதற்கு அருமையான முன்மாதிரி கலைஞர் லீ மிங்வெய் 1998-ல் தொடங்கிய கடித நிகழ்வு. பாட்டி இறந்த பிறகு அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார், அதிலிருந்து பிறந்தது. மரமும் ஒளி ஊடுருவும் கண்ணாடியுமாக மூன்று சிறு கூண்டுகள். ஒன்றில் நின்று எழுதலாம், ஒன்றில் உட்கார்ந்து, ஒன்றில் மண்டியிட்டு. யாருக்கோ எழுத நினைத்து எழுதாமல் விட்டதை உள்ளே போய் எழுத வேண்டும். உறையை ஒட்டி முகவரி எழுதிவிட்டால் அருங்காட்சியகம் தபாலில் சேர்க்கும். ஒட்டாமல் விட்டால் அடுத்து வருபவர் எடுத்துப் படிக்கலாம். முடிவு எழுதியவர் கையில், அதுவும் எழுதி முடித்த பிறகு. யாரும் வந்து விளக்கிக் கேட்க வேண்டியதில்லை, ஒட்டுவதா விடுவதா என்பதிலேயே சம்மதம் இருக்கிறது. உங்கள் நிகழ்விலும் இப்படிக் கையால் செய்யும் ஏதோ ஒன்றை வையுங்கள். வாயால் கேட்டால் வயதானவர்கள் தாட்சண்யத்துக்குச் சரி என்பார்கள்.

இன்னொன்று, நேரம். 2014-ல் லண்டன் செர்பென்டைன் கலைக்கூடத்தில் அப்ரமோவிச் நடத்திய 512 மணி நேர நிகழ்வில் உள்ளே போகுமுன் போன், கைக்கடிகாரம், பை எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடச் சொன்னார்கள், காதுக்குச் சத்தம் தடுக்கும் கருவி கொடுத்தார்கள். போனோடு கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டது முக்கியம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிந்துகொண்டே இருந்தால் எதிரில் இருப்பவர் மங்கிப்போவார். உங்கள் அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தால் இறக்கிவிடுங்கள். நேரக் கணக்கைக் குழுவில் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

---

தென்படல் எழுதியது:

பதிவு விஷயத்தில் ஒன்று. ஜப்பானியக் கலைஞர் ஓன் கவாராவின் பத்து லட்சம் வருடங்களை வாசிக்கும் நிகழ்வு நினைவுக்கு வருகிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மாற்றி மாற்றி ஆண்டுகளைச் சத்தமாக வாசிப்பார்கள். கடந்த காலத் தொகுதி கி.மு. 998031-ல் தொடங்கி கி.பி. 1969 வரை. வாழ்ந்து மறைந்த எல்லோருக்கும் என்று சமர்ப்பணம். வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், தங்கள் முறை வரும்போது சில பக்கங்கள் வாசிப்பார்கள். 2004-ல் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் ஏழு நாள் இரவு பகலாக வாசித்தும் ஒரு மூலைகூட முடியவில்லை. யாரும் முழுதாகக் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தே வாசிக்கிறார்கள்.

உங்கள் நிகழ்வும் முழுதாக யாரிடமும் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தால் போதும். பதிவு வேண்டாம் என்பவர் பக்கம் நான்.

---

அகழி எழுதியது:

நான் நடுவில் நிற்கிறேன். கதைகளைப் பதிவு செய்யாதீர்கள். ஆனால் விதிகளைக் கட்டாயம் எழுதி வையுங்கள்: எத்தனை பேர், எத்தனை சுற்று, யார் எப்போது நிறுத்தலாம், என்ன மாற்றினீர்கள், ஏன். அடுத்தவர் இதைத் திரும்பச் செய்ய அதுதான் வேண்டும். அந்த அம்மாவின் முகம் இறுகியதையும் எழுதுங்கள், அவர் பெயர் இல்லாமல், தம்பியும் இல்லாமல். ஷியே தவறவிட்ட 133-ஐயும் பட்டியலில் வைத்ததுபோல.

---

ஒத்திகை எழுதியது:

இன்று குழுவில் பேசிவிட்டேன். இப்போதைக்கு முடிவானது இது.

ஒவ்வொரு வயதானவருக்கும் ஒரு நூல் கண்டு. நினைவைச் சொல்லி முடித்ததும் கொஞ்சம் நூலை வெட்டி எதிரில் இருப்பவர் கையில் கொடுத்தால் அந்த நினைவு கை மாறலாம். கொடுக்காவிட்டால் அந்த ஜோடி அப்படியே பேசாமல் அடுத்த சுற்று வரை உட்கார்ந்திருக்கும். அதுவும் நிகழ்வின் பகுதிதான், யாரும் போய் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வட்டத்தில் தன் நினைவைக் கேட்கும்போது எந்த இடத்திலும் அவர் நூலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதும் சொல்பவர் நிறுத்த வேண்டும். ஒலிப்பதிவு இல்லை. சுவர்க் கடிகாரம் இறக்கியாயிற்று. கை வைத்த நாற்காலி, பாதியில் ஒரு பத்து நிமிட ஓய்வு. அந்த அம்மாவிடம் போய் இந்த மாற்றத்தைச் சொன்னேன். வருகிறேன் என்றார், தம்பியைப் பற்றித்தான் மறுபடியும் சொல்வேன் என்றும் சொன்னார். நூலைக் கொடுப்பாரா என்று நான் கேட்கவில்லை.

வரும் வயதானவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு தொகையும் தருவதாக இருக்கிறோம். நேர்கோடு, அழைப்பில் அந்த வரியை எப்படி எழுதுவது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வரைவை நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.

---

நேர்கோடு எழுதியது:

போடுங்கள், பார்க்கிறேன். நடுவில் எழுந்து போனாலும் முழுத் தொகையும் உண்டு என்பதைத் தொகை வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பில் வேண்டாம்.